குரல் கொடுக்காதே என்றவள்

என் வாயைப் பற்றி முதலில் நானே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்ததுபோல் யாரும் என்னிடம் வந்து பேச வேண்டாம். ஜவ்வாது மலையில் எங்கள் சரிவில் இருப்பது நாற்பது வீடு. நாற்பது வீட்டிலும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் யாரும் இல்லை. ரேஷன் கடைக்காரன் என் தலையைக் கண்டாலே தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவான். "பாஞ்சாலிகூட இருபத்தஞ்சு வருசம் குடித்தனம் பண்ணதுக்கே முனியனுக்கு ஒரு மெடலு குடுக்கணும்" என்று பெண்கள் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்போது அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் கொல்லைக்கும் ராஜேஸ்வரியின் கொல்லைக்கும் ஒரே வரப்பு. கொல்லை என்றால் மழையை நம்பிப் பயிர் வைக்கிற மேட்டு நிலம். ஆடியில் நிலக்கடலை விதைத்தால் புரட்டாசியில் காய் முற்றும். அந்த வாசனைக்குக் காட்டுப்பன்றி இறங்கிவரும். ஒரே இரவில் கால் ஏக்கரைக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். அதனால் முழங்கால் உயரத்துக்குக் குச்சி நட்டு, கட்டுக்கம்பி இழுத்து, மோட்டார் கொட்டகையிலிருந்து அதற்குக் கரண்டு விடுவோம். சட்டப்படி அது குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் செய்தோம். நானும்தான்.

ஆனால் அதற்கு எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. பொழுது சாயும்போது கம்பிக்குக் கரண்டு விடுகிறவர்கள் கொட்டகை வாசலில் நின்று பக்கத்துக் கொல்லைக்காரர்களுக்குக் குரல் கொடுக்க வேண்டும். "கம்பி வுட்றேன்... யார்னா இருக்கீங்களா..." என்று இழுத்துக் கூவ வேண்டும். "வுடு வுடு" என்று பதில் வந்த பிறகுதான் ப்ளக்கைச் சொருகுவோம். யாராவது வயலில் இருந்தாலோ, அந்த வழியாக வர வேண்டியிருந்தாலோ, "இரு இரு" என்று பதில் போகும். குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவன்கூட இதில் தவறியது இல்லை. குரல் கேட்கவில்லையா, கம்பியில் கரண்டு இல்லை என்று அர்த்தம். எங்கள் பிள்ளைகள் நடக்கக் கற்றுக்கொண்டதிலிருந்து அப்படித்தான் வளர்ந்தார்கள்.

ராஜேஸ்வரியின் கொல்லைக்கு ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் ஊர்ப் பாதை. நான்காவது பக்கம் நாங்கள். ஆகவே அவள் குரல் கொடுப்பது எனக்கு மட்டும்தான். பதினேழு வருஷமாகப் புரட்டாசி மாலையில் அவள் கூவுவாள், நான் பதில் சொல்வேன்.

சண்டை வந்தது முட்டைக்காக. என் கோழி அவள் வைக்கோல் போரில் போய் முட்டையிட்டு வைத்திருந்தது. பதினோரு முட்டை. அவள் தன் கோழியின் முட்டை என்று எடுத்துப் போய்விட்டாள். தெரிந்து செய்தாளோ, தெரியாமல் செய்தாளோ, இன்றுவரை நான் கேட்கவில்லை. வரப்பில் நின்றுகொண்டு அவளை நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவள் அழ ஆரம்பித்தாள். அழுதால் எனக்கு இன்னும் ஏறும்.

"இனிமே உன் கொரலு என் கொல்லப் பக்கம் வரக்கூடாதுடி! கம்பி வுட்றேன் கிம்பி வுட்றேன்னு கூவினே, நாக்க இஸ்த்து அறுத்துப்புடுவேன்!"

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள். "அப்ப கம்பிக்குக் கரண்ட்டு வுடறப்ப இன்னாக்கா பண்றது?"

"நீ இன்னா வேணா பண்ணித் தொல. உன் சத்தம் என் காதுல வுழக்கூடாது. அவ்ளோதான்!"

அப்போது எங்கள் இருவரையும் தவிர அங்கே யாரும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் கூவவே இல்லை. ஒவ்வொரு மாலையும் கொல்லையைச் சுற்றி ஒரு நடை நடந்து, ஆள் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் போய்ப் ப்ளக்கைச் சொருகினாள். நான் என் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எப்படி வாயை அடைத்தேன் பார் என்று எனக்கு ஒரே குஷி.

எட்டாவது நாள் ஆயுத பூஜை லீவுக்கு என் மகன் அன்பரசன் ஊருக்கு வந்தான். ஒரகடத்தில் கம்பெனி வேலை, இருபத்திரண்டு வயது. போளூரில் பஸ் ஏறியதும் போன் செய்தான். "அம்மா, மிக்சி ஜார் மூடி கேட்டியே, வாங்கிக்கினேன். சைஸு சரியா இல்லன்னா என்னியத் திட்டாத." திட்டுவேன்டா என்றேன். பாதையில் இறங்கியதும் அவன் ராஜேஸ்வரியின் கொல்லை வழியாகக் குறுக்கேதான் வருவான். அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் இப்போது கூவாமலே கரண்டு விடுகிறாள் என்பதை அவனிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அவனுக்குக் களி கிண்டிக்கொண்டிருந்தேன். மணி ஆறரை இருக்கும்.

அவள் குரல் கேட்டது. எட்டு நாள் கழித்து அன்றைக்குத்தான் கேட்டது. "அக்கா! யக்கா! ஐயோ யக்கா!"

குரல் கேட்காததால் கரண்டு இல்லை என்று நினைத்துத்தான் என் பிள்ளை கம்பியைத் தாண்டியிருப்பான். நான் போனபோது அவள் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜார் மூடி பையிலிருந்து வெளியே விழுந்து கிடந்தது. சைஸ் சரியாகத்தான் இருந்தது.

நிலம் ராஜேஸ்வரியின் புருஷன் ஆதிநாராயணன் பேரில் இருந்ததால் போலீஸ் அவரைத்தான் பிடித்தது. அந்த மாலையில் அவர் செங்கத்தில் மாடு வாங்கப் போயிருந்தார். "கம்பி கட்னது நான்தான் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஸ்டேஷனில் ராஜேஸ்வரியிடம் இன்ஸ்பெக்டர் கேட்டார். "உங்க ஊர்ல கொரல் குடுக்கற பழக்கம் உண்டாமே. நீ ஏம்மா குடுக்கல?"

நான் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.  ராஜேஸ்வரி என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"மறந்துட்டேன் சார்."

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நாற்பது வீட்டையும் ஆட்டி வைத்த வாய், அன்றைக்குத் திறக்கவில்லை. ஸ்டேஷன் வாசலுக்கு வந்ததும் திறந்தது. மண்ணை இரண்டு கையாலும் வாரி அவள் மேல் தூற்றினேன். "மறந்துட்டியாடி! என் புள்ளைய மறந்துட்டியா! நீ நாசமாப் போவே, உன் வமிசம் விளங்காமப் போவ!" ஊர் மொத்தமும் என்னோடு சேர்ந்து அழுதது. அன்றிலிருந்து அவளோடு யாரும் பேசவில்லை. கடையில் அவளுக்குக் கடைசியாகத்தான் சாமான் கொடுத்தார்கள். நூறு நாள் வேலையில் அவள் பக்கத்தில் நின்று மண்வெட்டி பிடிக்க ஆள் இல்லை.

நான் விடவில்லை. தினமும் விடிந்ததும் அவள் வீட்டைப் பார்த்து நின்று ஒரு பிடி மண் எடுத்துத் தூற்றுவேன். நாலு மாதம் செய்தேன். முனியன் ஒரே ஒருமுறை தடுத்துப் பார்த்தார். "அழுமே, எவ்ளோ வேணா அழு. மண்ண வாரித் தூத்தாத." போய்யா என்றேன். அவர் பேசுவதையே குறைத்துவிட்டார். பிள்ளையின் பழைய செல்போனைச் சார்ஜ் போட்டு, அது நிறைந்ததும் எடுத்து வைத்து, மறுநாள் மறுபடி சார்ஜ் போடுவார். என்னிடம் சண்டை போடாத, அதிர்ந்து பேசாத மனிதர். அவருக்கு மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். எனக்கும் அவர்தான். நான் குரல் கொடுக்காதே என்று சொன்னது தெரிந்தால் அவர் என்னோடு ஒரு நாள்கூட இருக்க மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் மண்ணை வாரினேன். அவளை எவ்வளவு திட்டுகிறேனோ அவ்வளவு தூரம் அந்தப் பேச்சு என்னை விட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. தினமும் களி கிண்டும் நேரத்துக்குச் சரியாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போய்ப் பார்த்தேன். அவளைச் சாகடி சாமி என்று பதினாலு கிலோமீட்டரும் வேண்டிக்கொண்டே நடந்தேன். வழியில் ஒரு சாமியார் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நீயே அன்பு, உன் இயல்பே அன்பு" என்று பேசிக்கொண்டிருந்தார். நின்று இரண்டு நிமிஷம் கேட்டேன். "உன் புள்ள செத்திருந்தா தெரியும்யா உன் இயல்பு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நடந்தேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

மாசி மாதம். உச்சி வெயில். ஆட்டுக்குத் தழை ஒடிக்க ஓடைப் பக்கம் போனேன். ராஜேஸ்வரியின் கிணறு அங்கேதான். கைப்பிடிச் சுவர் இல்லாத பெரிய கிணறு. அவள் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். புடவை முந்தானையில் எதையோ வைத்து இடுப்போடு இறுக்கிக் கட்டியிருந்தாள். கல் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் பெண்கள் அப்படித்தான் போவார்கள்.

நான் புங்க மரத்துக்குப் பின்னால் நின்றேன். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, அந்த நிமிஷம் என் வேண்டுதல் பலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இவள் போய்விட்டால் அந்தப் பேச்சைக் கேட்டவர் இந்த உலகத்தில் யாரும் இல்லை. அதையும் நினைத்தேன். நான் அப்பேர்ப்பட்டவள்.

அவள் குதித்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்கவில்லை. பாவம் பார்க்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. அரிவாளைப் போட்டது தெரியாது, ஓடியது தெரியாது. தண்ணீர் முகத்தில் அறைந்தபோதுதான் நானும் குதித்துவிட்டேன் என்று தெரிந்தது. சின்ன வயதில் கிணற்றில் அடித்த நீச்சல். முப்பது வருஷம் ஆகியிருந்தது. கீழே போனேன். கையில் முடி சிக்கியது. இழுத்தேன். கல் அவளைக் கீழே இழுத்தது. முந்தானை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். மேலே வந்து படிக்கல்லைப் பிடித்தபோது என் நகம் இரண்டு பெயர்ந்திருந்தது. அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகில் அறைந்தேன். தண்ணீரைக் கக்கினாள். மூச்சு வந்தது.

அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது. சாமி வரவில்லை. வெளிச்சம் கிளிச்சம் ஒன்றும் இல்லை. எனக்கும் மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டிருந்தேன். ஆனால் அவளைப் பிடித்திருந்த கையில் இருந்தது எது என்று எனக்குத் தெரிந்தது. அன்பரசன் பிறந்த அன்று அவனைக் கையில் வாங்கியபோது இருந்த அதே சூடு. அதே அளவு. அது அவனுக்கென்று வந்தது, அவனோடு குழிக்குள் போய்விட்டது என்று நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. அவன் பெயரைக் கேட்டு வந்ததும் இல்லை. இப்போது என் பிள்ளையைக் கொன்றவள் என்று நான் ஊரெல்லாம் சொன்னவளின் மேல், அவள் யார் என்ன என்று ஒரு வார்த்தை கேட்காமல் அது பாய்ந்துகொண்டிருந்தது. மண்ணை வாரித் தூற்றிய நாளிலும் அது எனக்குள் அடியில் இருந்திருக்கிறது. என் வாய்தான் நான் என்று நான் ஐம்பது வருஷமாக நம்பியிருந்தேன். வாய் மேலே கத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அடியில் இருந்தது நான். அந்த மைக் சாமியார் சொன்னது நிஜம் என்று தெரிந்ததும் எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. இவ்வளவு விலைக்கா இதைக் காட்ட வேண்டும்?

சந்தோஷமாக இருந்ததா என்று கேட்காதீர்கள். இருக்கவில்லை. இதுவரை வலியை மறைத்துக்கொண்டிருந்த வெறுப்பும் போய்விட்டது. என் பிள்ளை செத்தது அன்றைக்குத்தான் முழுசாக என் மேல் விழுந்தது.

ராஜேஸ்வரி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பயந்துபோனாள்.

"ஏங்க்கா தூக்கினீங்க?"

"நீ வாய மூடு. ஏன்டி ஸ்டேஷன்ல சொல்லல? நான்தான் கூவாதேன்னேன்னு ஏன்டி சொல்லல?"

அவளுக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டது. "சொன்னா நீங்க எப்டிக்கா உசுரோட இருப்பீங்க? புள்ளையவும் குடுத்துட்டு, உன்னாலதான் செத்தான்னு ஊரு பேசறதையும் கேட்டுக்கினு... நானாவது பரவால்ல, என்னியத் திட்டட்டும்னு வுட்டுட்டேன். ஆனா முடிலக்கா. நாலு மாசமா ஒரு ஆளுகூட என்னாண்ட பேசல."

நாலு மாதம் அவளைத் தினமும் கொன்றேன். அவள் அங்கே நின்று என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டு அந்தக் கிணற்றுக்குள் உட்கார்ந்து நான் போட்ட ஓலம் மேலே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளைக் கலைத்துவிட்டது.

அன்று சாயங்காலமே முனியனிடம் சொன்னேன். முட்டை, சண்டை, நான் சொன்ன வார்த்தை, அவள் கேட்ட கேள்வி, எதையும் விடவில்லை. அவர் கையில் பிள்ளையின் போன் இருந்தது. முழுக்கக் கேட்டார்.

"அவ கேட்டாளா? கரண்ட்டு வுடறப்ப இன்னா பண்றதுன்னு கேட்டாளா?"

"கேட்டா."

"நீ இன்னா சொன்னே?"

"இன்னா வேணா பண்ணித் தொலன்னேன்."

அவர் எழுந்து போய் மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் வைத்த சோற்றை அவர் தொடவில்லை.

மறுநாள் ராஜேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு போளூருக்குப் போய் ஸ்டேஷனில் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்தார். "சட்டத்துல கொரல் குடுக்கறதுன்னு ஒண்ணும் கெடையாதும்மா. கம்பில கரண்ட்டு வுட்டதே குத்தம். நீ சொல்றது கேஸுக்கு ஒண்ணுக்கும் ஆவாது. வூட்டுக்குப் போ." ஆதிநாராயணன் வேலூர் ஜெயிலில்தான் இருந்தார். நான் சொன்னதால் அவருக்கு ஒரு நாள்கூடக் குறையவில்லை. எனக்கும் சட்டத்தில் ஒரு தண்டனையும் இல்லையாம். அடிபட்ட நகத்தைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

ஊரிலும் சொன்னேன். தண்ணீர்த் தொட்டி அருகில் எல்லாப் பெண்களும் இருந்தபோது, இவளிடம் பேசுங்கள், யாரிடமாவது பேசக்கூடாது என்றால் என்னிடம் பேசாதீர்கள் என்றேன். அப்படியே செய்தார்கள். ராஜேஸ்வரியிடமும் பேசவில்லை, அது வேறு. சம்பூர்ணம் மட்டும் என் பக்கமாகக் காறித் துப்பிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். பழைய பாஞ்சாலி இருந்திருந்தால் அந்தக் குடம் உடைந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் காலையில் முனியன் ஒரு பையில் இரண்டு வேட்டியை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினார். மலைக்கு மேலே நெல்லிவாசல்நாட்டில் அவர் அண்ணன் இருக்கிறார். போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவர் போன பிறகுதான் பார்த்தேன், பிரஷர் மாத்திரையை மாடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஷேர் ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. பின்பக்கம் பத்துப் பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஓரத்தில் இருந்தார்.

"இந்தாங்க, மாத்திர."

ஒன்பது நாளில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"என் புள்ளையக் கொன்ன பாவிடி நீ! உன் கையால எனக்கு ஒண்ணியும் வாணாம். நான் செத்தாக்கூட வந்து தொடாத!"

  வலிக்கவில்லை என்று சொன்னால் நான் மனுஷியே இல்லை.   அவர் சொன்னது நிஜம். அவருடைய சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது, சரி செய்ய வேண்டும் என்று கை பரபரத்தது. தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குப்பம்மாளிடம் மாத்திரையைக் கொடுத்தேன்.

"காலைல ஒண்ணு, ராவிக்கு ஒண்ணு. மறந்துடுவாரு. அவங்க அண்ணிகிட்ட சொல்லிக் குடுத்துடுடி."

ஜீப் போய்விட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருமுறை பார்க்கமாட்டாரா என்று எனக்கு இருந்தது. பார்க்காமல் போன அந்த முதுகின் மேலும், கிணற்றுப் படியில் கையில் தெரிந்த அந்தச் சூடு கொஞ்சமும் குறையாமல் பாய்ந்துகொண்டேயிருந்தது. என் பிள்ளை இல்லை, புருஷன் இல்லை, எல்லாவற்றுக்கும் காரணம் நான். இது மட்டும் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறதே என்று ரோட்டில் நின்று வாய்விட்டு அழுதேன்.